பதினைந்து வாக்குகள்

ஆசிரியரை அளப்பவர் யார்? – பகுதி 6

ஆசிரியர் தகுதித் தேர்வு கடினமாக இருக்க வேண்டுமா, பயிற்சிக்கு ஓராண்டு போதுமா, ஈராண்டு வேண்டுமா என்ற வாதங்களுக்கு நம்மிடையே குறைவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தேர்வையும் பயிற்சியையும் தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களை உட்கார வைத்தது யார்? இதற்கான விடை எந்தச் சட்டத்திலும் ஓரிரு பிரிவுகளுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிப்போகும் பகுதி அது. ஆனால் ஆசிரியர் தரம் எந்தத் திசையில் போகும் என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை வைத்து அதைப் பார்க்கலாம்.

1970 வரை கலிபோர்னியாவில் ஆசிரியர் சான்றிதழ் என்பது மாநிலக் கல்வி வாரியமும் கல்வித்துறையும் கவனித்த பல வேலைகளுள் ஒன்று. பள்ளிகளை நடத்தும் துறையே, அங்கே பாடம் நடத்தத் தகுதியானவர் யார் என்றும் சொல்லிவந்தது. ஆசிரியர் பற்றாக்குறை வந்தால் ஆளைப் பிடித்துப் போடுவதும் அதன் பொறுப்பு, தகுதியில் சமரசம் கூடாது என்று தடுப்பதும் அதன் பொறுப்பு. இந்த இரண்டும் மோதும்போது எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளி திறக்கும்போது காலிப் பணியிடம் கண்ணுக்குத் தெரியும், குறைந்த தரம் தெரியாது. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் இரண்டையும் பிரித்தது. ஆசிரியராக இருந்து சட்டமன்றத்துக்கு வந்த லியோ ரயனின் பெயரால் அதை ரயன் சட்டம் என்கிறார்கள். அதன்வழி பிறந்த அமைப்புதான் இன்று ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம் என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்க மாநிலங்களில் உள்ள தன்னாட்சி ஆசிரியர் தர ஆணையங்களில் மூத்தது இதுவே. சான்றிதழ் வழங்குவது, ஆசிரியர் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது, சான்றிதழ் பெற்றவர் தவறு செய்தால் நடவடிக்கை எடுப்பது ஆகிய மூன்றும் அதன் கையில் இருக்கின்றன.

ஆணையத்தில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 15 பேர். அவர்களில் 14 பேரை ஆளுநர் நியமிக்கிறார். நம்மூர் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தலைவர், நம் முதலமைச்சரைப் போன்றவர். பதினைந்தாவது இடம் மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ உரியது. அவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதால் ஆளுநரின் தயவில் வந்தவர் அல்ல. ஆளுநர் நியமிக்கும் 14 இடங்களையும் அவர் விருப்பப்படி நிரப்பிவிட முடியாது. ஆறு இடம், பள்ளியில் இப்போது பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு. ஆலோசகர், பள்ளி உளவியலாளர் போன்ற துணைப் பணிகளில் இருப்போருக்கு ஓர் இடம். பள்ளி நிர்வாகி ஒருவர், உள்ளூர்ப் பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர், ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்வி நிறுவனத்திலிருந்து ஒரு பேராசிரியர். மீதி நான்கு இடம் பொதுமக்களுக்கு. பொதுமக்கள் என்ற பெயரில் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி நுழைந்துவிடாதபடி சட்டம் கதவைச் சாத்தியிருக்கிறது: நியமனத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பள்ளி மாவட்டத்தில் சான்றிதழ் தேவைப்படும் வேலை பார்த்தவரோ, பள்ளி வாரியத்தில் இருந்தவரோ அந்த இடத்துக்கு வர முடியாது. இந்த ஒரு வரியை எழுதியவர்கள் நியமன அரசியலை நன்றாக அறிந்தவர்கள். பதவிக்காலம் பொதுவாக நான்காண்டு. சம்பளம் கிடையாது.

இவர்களைத் தவிர இன்னும் நான்கு நாற்காலிகள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிகள் என உயர்கல்வித் தரப்பின் பிரதிநிதிகள் அவற்றில் பதவிவழி உறுப்பினர்களாக அமர்கிறார்கள். பேசலாம், வாதாடலாம், எச்சரிக்கலாம்; வாக்களிக்க முடியாது. இந்த அமைப்பு முழுவதிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருவதும் மறுப்பதும் ஆணையத்தின் வேலை. அந்தத் திட்டங்களை நடத்தும் நிறுவனங்களின் அனுபவம் ஆணையத்துக்கு வேண்டும். அந்த நிறுவனங்களின் நலன் முடிவில் கலந்துவிடக் கூடாது. அதனால் அந்த நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்குக் குரல் தந்து, வாக்கைத் தராமல் விட்டது சட்டம். நியமனத்திலும் இதே கவனம் தெரிகிறது. ஆளுநர் பெயரைச் சொன்னால் போதாது. மாநில மேலவையான செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். நியமிக்கப்பட்டவர் உடனே பணியைத் தொடங்கலாம். ஆனால் ஓராண்டுக்குள் மேலவையின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த நியமனம் நிற்காது.

ஆறு ஆசிரியர்கள் உட்கார்ந்த சபை ஆசிரியர்களைக் கண்டிக்குமா, சக ஊழியரைக் காப்பாற்றத்தானே பார்க்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முதலில் கணக்கைப் பார்ப்போம். 15இல் 6 பெரும்பான்மை அல்ல. துணைப் பணியாளரையும் பள்ளி நிர்வாகியையும் சேர்த்தால் எட்டாகும். ஆனால் நிர்வாகி ஆசிரியரை வேலை வாங்கும் தரப்பைச் சேர்ந்தவர். எல்லா விஷயத்திலும் அவர் ஆசிரியரோடு நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கையில் முதல் விசாரணையும் ஆணையத்திடம் இல்லை. அதற்கென்று ஏழு பேர் கொண்ட தனிக் குழு இருக்கிறது. அதில் ஆசிரியர்கள் இருவர், பொதுமக்கள் மூவர். ஆனாலும் ஆணையத்தில் ஒரு பெரிய தவறு நடந்தது. 2011 ஏப்ரலில் வெளியான மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை அதை விரிவாகச் சொல்கிறது. சான்றிதழ் பெற்றவர்கள் மீதான கைது, வழக்குத் தகவல்கள் ஆணையத்துக்கு வந்து, 2009 கோடையில் சுமார் 12,600 அறிக்கைகள் பரிசீலிக்கப்படாமல் குவிந்து கிடந்தன. வகுப்பறையில் இருக்கத் தகாதவர் சிலர் அதனால் சான்றிதழோடு நீடிக்க வழி ஏற்பட்டது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இதை மன்னிக்கவே முடியாது. ஆனால் அறிக்கை காட்டும் காரணம் ஆசிரியர்கள் ஆசிரியரைக் காப்பாற்றியது அல்ல. அலுவலகத்தில் நிர்வாகம் சரிந்தது. கோப்பு உறுப்பினர்களின் மேசைக்கே வரவில்லை. நல்ல அமைப்பு நல்ல முடிவுக்கு வழி செய்யும், கீழே தேங்கும் கோப்பை அது தானாக நகர்த்தாது. வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்து பார்த்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஆளுநர் நியமித்தால் கட்சிக்காரர்கள்தானே வருவார்கள், ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் என்ன என்பது அது. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 1960களிலேயே தொடங்கிய பொது ஆசிரியர் மன்றத்தில் 37 பேர். அவர்களில் 19 பேரைப் பதிவு பெற்ற ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2012 ஏப்ரலில் அரசிடமிருந்து முழுச் சுதந்திரம் பெற்ற மன்றம் அது. பக்கத்தில் இங்கிலாந்து 2000இல் தொடங்கிய தன் மன்றத்தை அதே 2012இல், சரியாக மார்ச் மாத இறுதியில் கலைத்து, வேலையை அரசு முகமையிடம் ஒப்படைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 37 பேர் கொண்ட அவையில் 23 பேரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்துவந்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு தேர்தலை எடுத்துவிட்டு, ஒன்பது ஆசிரியர், ஒன்பது பொதுமக்கள் என 18 பேர் கொண்ட நியமன அவையாக்கினார்கள். தேர்தல் ஓரிடத்தில் வேரூன்றி நிற்கிறது, இன்னோரிடத்தில் கைவிடப்பட்டிருக்கிறது. ஆகவே தேர்தலா நியமனமா என்பதை நான் முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. நியமிப்பவரின் கையை இடங்களின் வகையால் சட்டம் கட்டியிருக்கிறதா, இரண்டாவது அதிகார மையம் ஒன்றின் ஒப்புதல் வேண்டுமா என்பவையே என் முதல் கேள்விகள். இவ்வளவும் இருந்தால் நியமன ஆணையமும் நேர்மையாக இயங்க முடியும். இவை இல்லாவிட்டால் தேர்தல் நடத்தியும் பயனில்லை.

இந்த அளவுகோலோடு நம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தைப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதன் உறுப்பினர்களைப் பட்டியலிடுகிறது. மத்தியக் கல்விச் செயலர், பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர், சி.பி.எஸ்.இ. தலைவர், நிதி ஆலோசகர், மாநிலங்களின் பிரதிநிதிகள் ஒன்பது பேர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவர், கல்வியாளர்கள் பலர். தொடக்கப்பள்ளி ஆசிரியர், உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், பயிற்சி நிறுவன ஆசிரியர் எல்லாருக்கும் சேர்த்து மூன்றே இடம். அந்த மூவரையும் மத்திய அரசே நியமிக்கிறது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் தந்த அறிக்கையை மேற்கோள் காட்டும் தேசியக் கல்விக் கொள்கை, தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்பவை என்று அரசின் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தந்தது இந்தக் குழுமம்தான். 2010 ஆகஸ்ட் 23 அன்று ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய அறிவிக்கையும் இங்கிருந்துதான் வந்தது. பல ஆண்டுகளாகப் பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை வகுத்த மேசையில் கரும்பலகை முன் நிற்பவருக்கு இடம் இவ்வளவு குறைவாக இருந்தது சரியல்ல என்கிறேன். இந்தியா பெரிய நாடு, எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டியிருக்கிறது என்று பதில் வரும். அப்படியானால் அதிகாரிகளின் இடத்தைக் குறைத்து அதைச் செய்யலாமே.

இந்தக் குழுமத்தைத் தர நிர்ணய அமைப்பாக மாற்றியமைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதற்கான சட்ட வரைவு எந்தப் பெயரில் இருந்தாலும், ஆசிரியர் சங்கங்களுக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வைப் பற்றிய பிரிவுகளுக்கு முன்னால் உறுப்பினர்களைப் பற்றிய பிரிவைப் படியுங்கள். பாடம் நடத்துபவருக்கு எத்தனை இடம், பெற்றோருக்கு இடம் உண்டா, கல்லூரி நடத்துபவருக்கு வாக்கு உண்டா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியில்லாவிட்டால், வரைவு சட்டமாவதற்கு முன்பே எழுந்து சொல்லுங்கள்.

(தொடரும்)