புகைந்த பிறகும் ஓடும் கணினி

பரணிலிருந்து இறக்கிய பிபிசி மைக்ரோவைத் தூசி தட்டி சுவிட்சைப் போட்டால், தாழ்ந்த குரலில் ஒரு நீள ஒலி, உடனே கூர்மையாக ஒரு 'பீப்'. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வரும். நாற்பது வருஷத்துப் பெட்டி பிழைத்திருக்கிறதே என்று மகிழ்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. 'டப்' என்று சத்தம், குபுகுபுவென்று புகை, லேசில் அறையை விட்டுப் போகாத கருகல் நாற்றம். வேடிக்கை என்னவென்றால், திரையில் கர்சர் அப்போதும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்டு, பிரிட்டன் பள்ளிகளில் குடியேறிய கணினி இது. 240 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் அதன் பவர் சப்ளை, மின்சாரத்தைப் படுவேகமாக வெட்டி வெட்டித் தருகிற ரகம். அந்த வெட்டில் எழும் இரைச்சல் வீட்டு மின்கம்பிக்குத் திரும்பிப் போகாமல் தடுக்க, உள்ளே நுழையும் இடத்திலேயே கண்டென்சர்கள் உண்டு. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றுகிறாரே, அதன் ஒன்றுவிட்ட தம்பிகள். புகைந்தது இவற்றில் ஒன்று. இரைச்சலை வடிகட்டுவது மட்டுமே அதன் வேலை என்பதால், அது செத்தாலும் கணினி ஓடுகிறது.

பெரும்பாலும் அது 'ரிஃபா' தயாரிப்பாக இருக்கும். தேன் நிறத்தில், உள்ளிருப்பது தெரிகிற எபாக்ஸி உறை. அதற்குள் உலோகம் பூசிய காகிதச் சுருள். காகிதத்தில் எங்காவது பொத்தல் விழுந்தால், சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிப் புண் தானே ஆறிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் வருஷங்கள் போகப்போக உறையில் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடுகிறது. அதன் வழியே ஈரம் புகுந்து, மழைக்காலத்து அப்பளமாய்க் காகிதம் நமுத்துவிடுகிறது. பிறகு கசிவு, சூடு, புகை.

நோயைக் கண்டுபிடிக்கக் கண்ணும் மூக்கும் போதும். வைத்தியத்தில்தான் கவனம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில் 340 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் சுழி பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். புதிதாகப் போடுவது அதே அளவில், 275 வோல்ட் ஏசி தாங்கும் 'எக்ஸ்2' வகையாக இருக்கட்டும். மின்கம்பிகளின் குறுக்கே நிற்கிற இடத்தில் சாதாரணக் கண்டென்சர் போட்டால், அது கெடும்போது தீப்பிடிக்கலாம். இன்னும் புகையாத ரிஃபாவையும் கையோடு கழற்றிவிடுவது என் கட்சி. 'அசல் பாகம்' என்று பாதுகாக்க அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, கணினியோடு சேர்க்காமல் பவர் சப்ளைக்கு ஒரு கார் பல்பைச் சுமையாகக் கொடுத்து மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். 5 வோல்ட் நிலையாக நின்றால்தான் போர்டுக்கு ஒயர் போகும்.