ஆமைக்கு ஒரு எமர்ஜென்சி எக்சிட்

2025 ஜனவரியில சென்னை பீச் பக்கம் போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கின. எல்லாம் ஆலிவ் ரிட்லி, நம்ம ஊர்ப் பேர்ல பங்குனி ஆமை. பலதுக்கு கழுத்து வீங்கி, கண் பிதுங்கியிருந்தது. தண்ணியில மூழ்கிச் செத்ததோட அடையாளம் அது.

கடல் ஆமை எப்படி மூழ்கும்னு நானும் முதல்ல யோசிச்சேன். அதுக்கு செவுள் கிடையாது, நம்மள மாதிரி நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தாகணும். விசைப்படகு இறாலுக்காக இழுவை மடியை மணிக்கணக்கில் இழுக்கும்போது உள்ளே மாட்டினா, அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா? நிறையவே இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கு. பிடிச்சா ஜெயில். ஆனா இங்கே யாரும் ஆமையைத் தேடிப் பிடிக்கலையே, இறாலோட சேர்ந்துல்ல வருது! அதுக்கு உதவுறது, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் (சுமார் 9 கிலோமீட்டர்) விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுங்கிற தமிழ்நாட்டு விதி. முட்டையிட வர்ற ஆமைகள் கரையை ஒட்டித்தான் சுத்தும். 61 நாள் தடைக்காலம் பெருசா உதவாது. அது ஆரம்பிக்கிறதே ஏப்ரல் 15-லதான், ஆமைங்க ஜனவரியிலேயே வந்துடும்.

மெக்கானிக்கல் ஸ்டூடண்டா எனக்குப் பிடிச்சது ஆமை விலக்குக் கருவி. மடியோட கழுத்துல சாய்வா ஒரு கம்பி கிரில். இறால் இடுக்கு வழியா பின்னால போயிடும். ஆமை கிரில்ல மோதி, சரிஞ்சு, அங்கே வெட்டி வச்ச திறப்பு வழியா தப்பிச்சிடும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. விஷயமெல்லாம் கோணத்துலதான். ரொம்ப செங்குத்தா நின்னா ஆமை கிரில்லோட ஒட்டிக்கும். ரொம்பச் சாஞ்சா இறாலும் வெளியே போயிடும். கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம படகுகளுக்குன்னே ஒண்ணு டிசைன் பண்ணியிருக்கு.

அப்புறம் ஏன் எல்லாப் படகிலும் இல்லை? ஆமை போற ஓட்டையில பெரிய மீனும் போயிடும். இறாலுக்காகவே இழுக்கிறவங்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. நம்ம படகுக்கு மடியில வர்ற எல்லா மீனும் காசு. டீசல் விலையை வச்சுப் பார்த்தா மீனவர் அண்ணன்கள் கோபப்படுறது நியாயம்தான். நஷ்டத்துக்கு வழி சொல்லாம கிரில்லை மட்டும் கையில கொடுத்தா, அது கரையிலேயே கிடக்கும்.

இன்னொரு பக்கமும் அடி விழுது. இந்தக் கருவி இல்லாம பிடிச்ச இறாலை அமெரிக்கா தன்னோட 1989 சட்டப்படி வாங்காது. 2019-ல நம்ம கடல் இறாலுக்கு அந்த மார்க்கெட் மூடிடுச்சு. பண்ணை இறாலுக்குப் பிரச்சினை இல்லை.

உயிரோட ஒரு ஆமையைப் பார்க்கணும்னா, சென்னையில மாணவர்கள் 1988-லிருந்து நடத்துற ஆமை நடைக்கு சீசன்ல போங்க. ராத்திரி முழுக்க மணல்ல நடக்கணும். மொபைல் டார்ச் மட்டும் அடிச்சிடாதீங்க, கரையேற வந்த ஆமை திரும்பிப் போயிடும்.