பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் கோளாறு: திருகைத் தொடும் முன் பிளக்கைப் பாருங்கள்

நம் உறுப்பினர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் சவாரிக்கான வண்டி அல்ல; சரக்கு வண்டி. விடியற்காலையில் மார்க்கெட்டுக்கு, பகலில் வாடிக்கையாளர் வீட்டுக்கு, மாலையில் வசூலுக்கு என நாள் முழுதும் அது ஓடுகிறது. 1994-ல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் போன்ற பழைய வண்டிகள் இன்றும் நம் கடை வாசல்களில் நிற்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வரும் முன் விற்ற பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகளே.

மைலேஜ் குறைந்தால், "கார்புரேட்டரைக் கொஞ்சம் டியூன் பண்ணுங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோம். அவரும் ஒரு திருகைத் திருப்பித் தருகிறார். இரண்டு நாளில் மீண்டும் பழைய கதை. நோய் இன்னதென்று அறியாமல் கொடுத்த மருந்து அது. நோயை அறியும் வழியை நாமும் ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது.

கலவை என்றால் என்ன?

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவில் இரண்டையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதே கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் கூடினால் 'ரிச்', குறைந்தால் 'லீன்' என்பார்கள் மெக்கானிக்குகள்.

ரிச் ஆனால் புகைக் குழாயில் கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், மைலேஜ் குறையும். நம் பணம் புகையாகப் போகிறது. லீன் ஆனால் காலையில் கிளப்புவது சிரமம், திடீரென்று முறுக்கும்போது வண்டி திணறும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுடும். முன்னது பணத்தைத் தின்னும். பின்னது இன்ஜினையே தின்னும். அரிசி மூட்டையோடு மேட்டில் ஏறும் வண்டிக்கு லீன் கலவை மிக ஆபத்து. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. ஆகவே அதில் பிஸ்டன் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

பிளக் சொல்லும் சாட்சி

வண்டியை 4, 5 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, சாவியை அணைத்து ஓரமாக நிறுத்தவும். இன்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கவும்.

வறுத்த மல்லி நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன். அடுப்புக் கரி போல் உலர்ந்த கருப்பு என்றால் ரிச். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கருப்பாக இருந்தால், ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் அது கார்புரேட்டர் கோளாறு அல்ல. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் ஏறுகிறது. அதற்கு எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை.

இன்னொரு எளிய சோதனை உண்டு. சூடான வண்டி திணறும்போது சோக்கைச் சற்று இழுக்கவும். ஓட்டம் சீரானால் லீன். மேலும் மோசமானால் ரிச்.

எந்த இடத்தில் கோளாறு?

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி அணைந்தால் ஸ்லோ ஜெட்டையும் மிக்ஸ்சர் திருகையும் பார்க்க வேண்டும். பாதி முறுக்கில் திணறினால் ஊசியைப் பார்க்க வேண்டும். முழு முறுக்கில் இழுவை இல்லாவிட்டால் மெயின் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். "எப்போது திணறுகிறது?" என்பதைச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் செலவில்லாத காரணங்களைப் பார்க்கவும். சோக் பாதியில் நிற்கிறதா? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? மாவு மில் பக்கம் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஓ-ரிங் தேய்ந்தால் வெளிக்காற்று புகுந்து லீன் ஆகும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட் ஊசியில் தூசி அல்லது தேய்மானம் இருக்கும்.

ஜெட்டைக் கம்பியால் குத்த விடாதீர்கள். துளை பெரிதானால் பிறகு எப்போதும் ரிச்தான். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

மிக்ஸ்சர் திருகிலும் இரு வகை உண்டு. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு. வெளியே திருப்பினால் ரிச். தொடும் முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளவும்.

எத்தனால் பெட்ரோல்

நம் நாட்டில் 2022-ல் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பும் விற்பனைக்கு வந்தது. எத்தனால் எரிய எடைக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் கலவை சற்று லீன் பக்கம் சாயும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இருக்கும் சென்சார் இதைத் தானே சரிசெய்யும்; கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இதில் கெட்டுப்போகலாம். அவ்வப்போது பார்த்து மாற்றவும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டி நிற்குமானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடவும். இவ்வேலையைக் கடைக்குள்ளோ அடுப்பருகிலோ செய்ய வேண்டாம்.

மைலேஜுக்காகச் சிறிய ஜெட் போடச் சொல்வதும் ஊசியை இறக்கச் சொல்வதும் நம்மிடையே உள்ள பழக்கம். அதில் மிச்சமாகும் சில ரூபாய், பிஸ்டன் பிடித்தால் ஒரே நாளில் போய்விடும். மார்க்கெட் போக வண்டியும் இருக்காது. எடை குறைத்து விற்று லாபம் பார்க்க முடியாது என்பது வணிகர்களான நமக்குத் தெரியும். இன்ஜினுக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும்.