பன்னிரண்டு வயதுக்கு ஏன் பெரியவர் அட்டை?

தெல்தெனியப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும், இலங்கையின் மற்ற இடங்களைப் போலவே, தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. தராசைப் பார்த்துக் கூசுவது அநேகமாகத் தரம் 7 பெண்பிள்ளைகள்தான். அந்த வகுப்பில் சிலர் வயதுக்கு வந்திருப்பார்கள், சிலர் இன்னும் குழந்தைகள்.

கிலோவில் நிறை, அதை மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி. 12 வயது நிறைந்த பிள்ளை, உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 40 கிலோ என்று வைப்போம். சுட்டி 17.8. பெரியவர்களுக்கான அட்டையில் 18.5க்குக் கீழே போனாலே நிறைக் குறைவு. அதைப் பார்த்த வீட்டில் மறுநாளே சத்துமா டின் வந்து நிற்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட 5–19 வயது அட்டவணையில், அந்த வயதுப் பெண்பிள்ளையின் நடு அளவே 18.0தான். 14.4க்கும் 20.8க்கும் இடையில் இருந்தால் போதும்.

தவறு மறுபக்கமும் நடக்கும். 8 வயது நிறைந்த பெண்பிள்ளை, 125 சென்ரிமீற்றர், 30 கிலோ: சுட்டி 19.2. பெரியவர் கணக்கில் சரியான உடம்பு. அந்த வயதுக்கோ 17.7ஐத் தாண்டினாலே நிறை அதிகம்.

இந்தக் கணக்கை 1830களில் போட்டவர் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லே. அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயை அல்ல. 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸின் ஆய்விலும் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே!

பெண்பிள்ளையோ முதலில் விறுவிறுவென்று உயருவாள். வயதுக்கு வந்தபின் உயரம் சில சென்ரிமீற்றர்தான் கூடும். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயல்பு. வயதுக்கு வந்தபோது முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் ஊட்டிய அதே சொந்தங்கள், ஆறு மாதம் கழித்து "சதை போட்டுட்டா" என்பதுதான் வேடிக்கை.

மலைத் தோட்டங்களில் சிக்கல் வேறு. 2016 தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7. உயரமும் நிறையும் சேர்ந்தே குறைந்தால் சுட்டி ஒழுங்காகத் தெரியும், குறை மறைந்துவிடும். ரங்கலப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பிள்ளைக்குச் சுட்டியோடு உயரத்தையும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

அளக்கும்போது சப்பாத்தைக் கழற்றி, உச்சிக் கொண்டையையும் அவிழ்க்கச் சொல்வது அதனால்தான். அந்த 12 வயதுப் பிள்ளையின் 150இல் மூன்று சென்ரிமீற்றர் கொண்டையுடையது என்றால், 17.8 அல்ல, 18.5.