துவக்கும் துளையளவும்

நம் குடாநாட்டின் பனங்கூடல்களிலும் பற்றைகளிலும் வைகறையிற் கூவும் கௌதாரியைப் பழைய மாணவர் பலரும் அறிவர். மேனாட்டார் விரும்பி வேட்டையாடும் 'பெசன்ற்' என்னும் பறவையும் கௌதாரியின் குடும்பத்தைச் சேர்ந்ததே; காடை, காட்டுக்கோழி, மயில் என்பனவும் அக்குடும்பத்தினவாம். அப்பறவைக்கெனச் சிறுதுளைத் துவக்கைத் தேர்வதும், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மீள நிரப்புவதும் அந்நாடுகளில் ஒரு கலையாக வளர்ந்துள்ளன. அக்கலையில் உயிர் காப்பது அளவு ஒன்றே என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

துவக்கின் துளையை 'போர்' என்னும் எண்ணாற் குறிப்பர். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கின், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் துவக்கின் துளையாகும். அஃது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இருபது உருண்டைகளாக்கின் 15.6 மில்லிமீற்றர், இருபத்தெட்டாக்கின் 14 மில்லிமீற்றர். எனவே எண் பெருகத் துளை சிறுக்கும்.

துளை சிறுத்தாற் சன்னம் வலுவிழக்கும் என்பது தவறான எண்ணம். ஒவ்வொரு சன்னத்தின் வேகமும் பெரிதும் வேறுபடுவதில்லை, தொகையே குறையும். 12 போர் தோட்டா வழக்கமாக 1⅛ அவுன்சு சன்னம் கொள்ளும். 28 போர் தோட்டா ¾ அவுன்சே கொள்ளும். அமெரிக்க அளவில் 6ஆம் எண் ஈயச் சன்னம் அவுன்சுக்கு ஏறத்தாழ 225 ஆதலின், முன்னதில் 250 அளவிலும் பின்னதில் 170 அளவிலும் சன்னங்கள் அமையும். தொகை குறைந்தாற் சன்னங்களுக்கிடையே வெளி மிகும். தொலைவிற் சுடப்பட்ட பறவை காயத்துடன் தப்பி, மறைவிற் கிடந்து மாளும். ஆதலின் சிறுதுளையைத் தேர்பவன் அண்மையிற் சுடும் பொறுமையையும் உடன் தேர்தல் வேண்டும்.

துளைகளைக் கலத்தல் பேராபத்து. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துவக்கிலிட்டால் அது குழாயினுள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். அதன்பின் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டாற் குழாய் வெடிக்கும். இது கருதியே 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்திற் செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

வெற்றுக் கூட்டை மீள நிரப்புவோர் பழைய தொப்பியை நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்து, தக்கை, சன்னம் ஆகியவற்றை முறையே இட்டு வாயை மடிப்பர். வன்னியில் 'இடியன்' துவக்கிற்குக் கருமருந்தைக் கண்மதிப்பாகக் கொட்டி இடித்த வழக்கத்தை நம் முன்னோர் அறிவர். 1884 இற் பிரான்சிற் போல் வியேய் ஆக்கிய புகையற்ற மருந்தோ கருமருந்தினும் பன்மடங்கு வலியது. அதன் வழிவந்த மருந்துகளுள்ளும் விரைந்தெரிவனவும் மெல்ல எரிவனவும் உள. கருமருந்தின் கனவளவுக்கு இவற்றை இட்டால் துவக்கு சிதறும். சிறுகூட்டிற் சிறு பிழையும் பெரும் பங்காகும். ஆதலின் மருந்து செய்வோர் வெளியிடும் அட்டவணையில் ஒரு கூட்டுக்கும் தொப்பிக்கும் தக்கைக்கும் விதித்த நிறையை, தராசில் நிறுத்தே இடுவர்; ஒன்றை மாற்றினும் அட்டவணையை மீண்டும் பார்ப்பர்.

நம் நாட்டிற் சுடுகலனை 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், காட்டுயிரை 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. ஆதலின் இக்கலை நமக்குக் கைத்தொழிலன்று, பாடமாம். கனவளவு வேறு, நிறை வேறு என்று வகுப்பறையிற் கற்றோம். அவ்வேறுபாட்டை மறந்தவன் பரீட்சையிற் புள்ளியை இழப்பான்; தோட்டா நிரப்பும் மேசையிலோ கையை இழப்பான்.