மூடிய அறையில் கரிச்சட்டி வேண்டாம்: வீட்டின் சூட்டைக் காக்கும் எளிய வழிகள்



போன குளிர்காலத்தில் போர்வை வழங்கச் சில வீடுகளுக்குச் சென்றிருந்தோம். ஒரு தகரக் கூரை வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. நடுவில் இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் மூன்று பிள்ளைகள் படுத்திருந்தார்கள். "என்னங்க பண்றது, புள்ளைங்க நடுங்குதுங்க" என்றார் தாய். பிள்ளைகளைக் காக்கத்தான் அவர் அப்படிச் செய்தார். ஆனால் குளிரைவிட அந்தச் சட்டிதான் பெரிய ஆபத்து.

கரி எரிவதற்குக் காற்று வேண்டும். அடைத்த அறையில் காற்று குறையக் குறைய, கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதிகமாக வெளிவரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. புகையே இல்லாமல் கனியும் கங்கிலிருந்தும் அது வரும். நம் இரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதை ஏற்றுக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குபவருக்கோ ஒன்றும் தெரியாமலே உயிர் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டு வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? நெருப்பை உள்ளே கொண்டுவருவதை விட, இருக்கிற சூட்டை வெளியே போகவிடாமல் தடுப்பதே நல்லது. உறங்கும் ஒருவரின் உடலே ஏறத்தாழ 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் இது ஏறக்குறைய 300 வாட். அது எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம்.

கூரை: சூடான காற்று மேலே போகும். ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாக அது வெளியேறிவிடும். தகர சீட், சிமெண்ட் சீட் கூரைகள் மேகமில்லாத இரவில் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிட்டு, வெளிக்காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். சீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ, கெட்டியான பழைய சேலையோ கட்டினால் இடையில் நிற்கும் காற்றே ஒரு தடுப்பாகிவிடும். சித்திரை வெயிலுக்கும் இது உதவும். அடுப்புக்கு மேலேயும், மின் ஒயர் போகும் இடத்திலும் துணி கட்டக் கூடாது.

தரை: நாம் கொடுக்கும் போர்வையைப் பலர் மேலே மட்டும் போர்த்துகிறார்கள். உடல் சூட்டைச் சிமெண்ட் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் அட்டைப்பெட்டி அட்டையையோ, காய்ந்த சாக்கையோ விரித்து, அதன்மேல் பாயும் பழைய போர்வையும் போடுங்கள். கட்டில் இருந்தால் வயதானவர்களுக்குக் கொடுங்கள்.

இடுக்கு: இரவில் திம்பம் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். மூச்சுக்காற்று மாறுவதற்கு, மேலே உள்ள ஒரு வென்டிலேட்டராவது திறந்திருக்க வேண்டும்.

வெயில்: மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். காலை வெயில் ஏறியதும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள். பாய், தலையணை, போர்வைகளை வெயிலில் காயப்போடுங்கள். ஈரமான போர்வை சூடு தராது. மக்ரிப் பாங்குக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்திவிட்டால், பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் சற்று நேரம் தங்கும். சுவரில் ஓதம் இருந்தால் வீடு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். முதலில் நீர் கசியும் இடத்தை அடையுங்கள்.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் கைக்குழந்தைகளும் முதியவர்களும். பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதே குழந்தைக்கு மிக நல்ல கதகதப்பு. குழந்தையின் முகத்தைப் போர்வையால் மூடிவிடாதீர்கள். பஜ்ருக்கு எழும் பெரியவர்களுக்கு இரவே பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்தால், விளாவி ஒளூ செய்துகொள்வார்கள்.

யாராவது கரிப்புகையில் மயங்கிக் கிடந்தால், கதவைத் திறந்து உடனே அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108-ஐ அழையுங்கள். "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த ஆண்டு போர்வையோடு ஒரு பாயும் சேர்த்துக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். உங்கள் தெருவில் சீட்டுக் கூரைக்கு அடியில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் வருவதற்குள் அந்த வீட்டில் கரிச்சட்டி இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் போய்ப் பார்த்துவிடுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.