எந்தக் காலுக்கு எந்தப் பாதரட்சை?



நமது மருத்துவமனையின் வரவு செலவில் "காலணிப் பிரிவு" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செய்தி கொடுக்கச் சபைகளுக்குச் செல்லும்போது அதைக் குறித்து இரண்டு கேள்விகள் என்னிடம் கேட்கப்படுகின்றன. "கடைவீதியில் செருப்பு மலிவாகக் கிடைக்கிறதே, ஆஸ்பத்திரி ஏன் செருப்புத் தைக்க வேண்டும்?" என்பது ஒன்று. "எங்கள் வாலிபர் சங்கத்தார் பழைய ஷூக்களைச் சேகரித்து அனுப்பட்டுமா?" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் எழுகிற கேள்விகள். ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வலி இல்லாத பாதம்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருப்பது குரங்கணி. அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதை ஏறுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கியது. மனிதர்களோ நடந்தே ஏறி இறங்கினார்கள். இன்றும் அச்சரிவுகளில் பலருக்குக் கால்தான் வாகனம். போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும் இறங்கியபின் சரிவில்தான் நாள் முழுவதும் நிற்க வேண்டும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. ஆகையால் காய் எடுப்பவர் குந்தி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்கிறார். அப்போது உடலின் பாரமெல்லாம் காலின் முன்பகுதியில் விழுகிறது. கீழே ஈரச் சருகு, கல், முள்.

நமக்கு ஒரே இடம் வெகுநேரம் அழுந்தினால் வலிக்கும். நாம் அறியாமலே காலை மாற்றி வைப்போம், கல்லை உதறுவோம், கொஞ்சம் நொண்டி நடப்போம். தொழுநோயினாலோ நீண்டகாலச் சர்க்கரை நோயினாலோ நரம்பு கெட்டுப் போனவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. முள் ஏறியது தெரியாது. கொப்புளம் உடைந்தது தெரியாது. மாலையில் கால் கழுவும்போது இரத்தத்தைக் கண்டுதான் அறிவார். அந்தப் புண்ணின்மேலேயே மறுநாளும் நடப்பதால் அது எலும்புவரை போகிறது. கடைசியில் காலையே எடுக்க வேண்டி வருகிறது.

இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டு காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலை கற்றவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையைத் தானாகவே அழுகச் செய்கிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினார்கள். அப்படியல்ல, உணர்வு போனதால் அன்றாட வேலையில் படும் சிறு காயங்களே காலை அழிக்கின்றன என்று பிராண்டும் அவருடைய உடன் ஊழியரும் காட்டினார்கள். அப்படியானால் காயம் படாமல் காத்தால் கால் பிழைக்கும் அல்லவா? அதற்குக் கத்தியைவிடச் செருப்பே அதிகம் தேவைப்பட்டது.

செருப்பு எப்படி அமைகிறது?

வேலூரிலும் கரிகிரியிலும் பல பொருள்களைச் சோதித்து, பலரின் உழைப்பால் உருவானதே "மைக்ரோ செல்லுலார் ரப்பர்" செருப்பு. சுருக்கமாக எம்.சி.ஆர். என்பார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. நல்ல எம்.சி.ஆர். எது என்றறிய இயந்திரம் வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும், விட்டதும் மீள வேண்டும். அமுங்காவிட்டால் புண் வரும். அமுங்கியது மீளாவிட்டால் விரைவில் பயனற்றுப் போகும்.

மேலே இந்த மெத்தை. கீழே முள் ஏறாத கெட்டியான ரப்பர். குதிகாலுக்குப் பின்னே ஒரு வார் உண்டு. உணர்வில்லாத கால் செருப்பைப் பற்றிக்கொள்ளாது என்பதால் அது அவசியம். விரலிடையில் வார் கிடையாது, அது உராய்ந்து புண்ணாக்கும். ஆணி ஒன்றுகூட அடிப்பதில்லை, பசையும் தையலும்தான். ஆணி மேலே எழும்பிக் குத்தினால் அவருக்குத் தெரியாதே! முக்கியமான இன்னொன்று, கத்தி, குத்தூசி, பசை வைத்திருக்கும் எந்தச் செருப்புத் தொழிலாளியும் இதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொள்ள முடியும்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். கடையில் விற்கும் ரப்பர் செருப்பில் விரலிடை வார் இருக்கிறது, பின்வார் இல்லை, அடியும் மெல்லியது. பழைய ஷூவோ வேறொருவருடைய காலுக்குப் படிந்தது. உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் நாள் முழுவதும் தெரியாது. மழையில் நனைந்தால் தோல் ஊறிப் போகும். நம் கால்களுக்கு இவை நன்றாகவே உழைக்கும். உணர்வற்ற கால்களுக்கு இவை ஆபத்தாய் முடியலாம்.

வெட்கம் தரக்கூடாது

காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது என்பதையும் அனுபவம் கற்றுத் தந்திருக்கிறது. குரங்கணிப் பக்கத்துத் தாய் ஒருவர், தொழுநோய் முற்றும் குணமானவர், ஆறிய புண் மறுபடி திறந்த நிலையில் வந்தார். கொடுத்த செருப்பு துணியில் சுற்றி வீட்டில் இருந்தது. ஏன் அம்மா போடவில்லை என்று கேட்டேன். "அந்தக் கறுப்புச் செருப்பப் பார்த்தாலே என்ன சீக்குன்னு தெரிஞ்சுபோகுதுங்கய்யா. ஜீப்புல பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க. அப்புறம் வேலைக்கே கூப்பிட மாட்டாங்க" என்றார்.

இந்தத் துன்பம் அவருக்கு மட்டும் உரியதல்ல. இச்செருப்பு வழங்கப்பட்ட பல இடங்களில் எழுந்த குறையே. ஆகவே மெத்தையின் விளிம்பு வெளியே தெரியாமல் மூடி, கடைச் செருப்பின் நிறத்திலும் அமைப்பிலும் மேல்வாரைத் தைத்துக் கொடுக்கிறார்கள். நம் காலணிப் பிரிவும் அவருக்கு அப்படியே செய்து கொடுத்தது. இப்போது போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறார். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் திரும்பி வந்த மகனுக்குத் தகப்பன் வஸ்திரத்தோடும் மோதிரத்தோடும் பாதரட்சையையும் போடச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். வேலைக்காரனாயிருக்கத் துணிந்து வந்தவனை மகனாக ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். நாம் கொடுக்கும் பாதரட்சை ஒருவரைத் தள்ளிவைக்கும் அடையாளமாகிவிடலாகாது.

இதே வழியில் பிறந்தவை

எளியோருக்கென்று செய்யும் பொருளை, அவருடைய வாழ்க்கையைப் பார்த்துத் தொடங்க வேண்டும். விலையுயர்ந்த ஒன்றை எடுத்து, தரத்தைக் குறைத்துக் கொடுப்பது அதுவாகாது. ஜெய்ப்பூரில் 1968-ஐ ஒட்டி டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்த செயற்கைக் கால் இதற்கு நல்ல சான்று. மேல்நாட்டுக் காலுக்கு ஷூ வேண்டும். அதைக் கொண்டு குந்தி உட்கார முடியாது. ஜெய்ப்பூர்க் காலோடு வெறுங்காலாய் நடக்கலாம், குந்தலாம், வயல் சேற்றில் இறங்கலாம். ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கும் அது உதவியது.

நமக்கு இன்னும் அருகில் மதுரை இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனியிலும் கிளை திறந்தது. கண்புரை எடுத்த ஏழைகளுக்கு முன்னாட்களில் தடித்த கண்ணாடிதான் கிடைக்கும். அது பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும், பக்கப் பார்வையை மறைக்கும். மலைச்சரிவில் அடியெடுத்து வைப்பதை நினைத்துப் பாருங்கள்! உடைந்தாலோ மறுபடி குருட்டுத்தனம். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலர் விலையில் வந்தது. அரவிந்த் 1992-ல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தை மதுரையில் நிறுவி, சுமார் 10 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் விலை இன்னும் குறைந்தது. தரம் குறையவில்லை. 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

உங்கள் காணிக்கை

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை வந்து, உலகெங்கும் 1995 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நோய் குணமாகும், ஆனால் போன உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசும் எம்.சி.ஆர். செருப்பு வழங்குகிறது. இன்று சர்க்கரை நோயாளிகளும் அதே உணர்வற்ற பாதங்களோடு நம் வாசலில் நிற்கிறார்கள். டாக்டர் பிராண்ட் 2003-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் நாளில் தொடங்கிய செருப்பு இவர்களுக்கும் உதவுகிறது.

இஸ்ரவேலரின் பாதரட்சைகள் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் பழையதாகவில்லை என்று உபாகமத்தில் வாசிக்கிறோம். நம் செருப்புகள் அப்படியல்ல! மாதங்கள் செல்லச் செல்ல மெத்தை அமுங்கிப் போகும். திரும்பவும் காலைப் பார்த்து, அளவெடுத்து, மாற்ற வேண்டும். ஆகவே ஒரே தடவை வரும் பெரிய பெட்டியைவிட, தவறாமல் வரும் சிறு காணிக்கை இந்த ஊழியத்துக்கு அதிகம் பயன்படுகிறது. சேகரித்த ஷூக்களை உங்கள் ஊரிலேயே உணர்வுள்ள கால்களுக்குக் கொடுங்கள். எங்களுக்கு ரப்பரும் தோலும் வாங்கவும், தைக்கிறவரின் கூலிக்கும் உதவுங்கள். உங்கள் சபையில் சர்க்கரை நோய் உள்ளவர்களை இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஜெபக் குறிப்புகள்:

1. பாதத்தில் உணர்வு குறைந்திருப்பதை அறியாமலே மலையில் வேலை செய்கிறவர்கள் காலத்தோடு சோதனைக்கு வர.

2. செருப்புத் தைக்கும் நம் ஊழியர்களின் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிக்க; இத்தொழிலைக் கற்க வாலிபர் முன்வர.

3. குணமானவர்களை ஜீப்பிலும் வேலையிலும் ஆலயத்திலும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளும் மனதை நம் எல்லாருக்கும் தர.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலய குருவானவர்